நூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே

மூச்சு விடுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் இன்னும் சட்டம் வரவில்லை. வந்தால், அதற்கான படிவம் மும்பை செம்பூரில் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் இப்போதே தயாராக இருக்கிறது. அந்த மருத்துவமனையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கட்டடத்தின் நான்கு பக்கமும், லிஃப்டுக்குள்ளும், தலையணை உறைகளிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அது போதும்.

அங்கே போய்ச் சேர்ந்தவர் தாராவி ஜெயினுலாப்தீன். வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் தோல் கார்கானாவில் பைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் சாயம் ஸ்ப்ரே அடித்தவர். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டுதான் அடித்தார். பீடி குடிக்கும்போது மட்டும் துணியை இறக்குவார். இரண்டும் சேர்ந்து நுரையீரலை முடித்துவிட்டன. உள்ளே இருக்கும் சிற்றறைகள் கிழிந்து, ஊதி, போன காற்று வெளியே வராமல் தங்கிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். நோயின் பெயர் எம்ஃபிஸீமா. முற்றிய நிலை.

அவருடைய வீடு ஒரு கார்கானாவின் மேல் அறை. ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி, பதின்மூன்று படி. ஜெயினுலாப்தீனுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஏணியில் இறங்கி, ஜும்ஆ தொழுதுவிட்டு, நடுவில் நிற்காமல் ஏறி வீட்டுக்கு வர வேண்டும். ஐந்தாம் படியிலும் ஒன்பதாம் படியிலும் நின்று, கீழே வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அவருக்கு மானக்கேடாக இருந்தது.

"இதுக்கு இப்ப புது வைத்தியம் வந்திருக்கு. நெஞ்சைக் கீறவே மாட்டாங்களாம்" என்று விவரம் கொண்டுவந்தவள் மகள் உமைரா. காட்கோபரில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். "வாய் வழியா டியூப் விட்டு, கெட்டுப்போன பக்கத்துல சின்ன வால்வு வச்சிருவாங்க வாப்பா. உள்ள இருக்க காத்து வெளிய வரும், திரும்பப் போகாது. அந்தப் பக்கம் சுருங்கிரும். நல்ல பக்கத்துக்கு விரிய ஜகா கிடைக்கும். மூணு நாலு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்."

ஜெயினுலாப்தீனுக்கு இது உடனே புரிந்தது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு இருந்தவர் அவர். காலி செய்ய வேண்டியவன் காலி செய்தால் மற்றவன் காலை நீட்டலாம்.

தகுதி உள்ளவர்களுக்கு மருத்துவமனை இலவசமாகவே வால்வு வைத்தது. தகுதி என்ற சொல்லைத்தான் நாம் கவனித்திருக்க வேண்டும்.

முதல் தகுதி, நான்கு மாதமாகப் பீடி தொட்டிருக்கக் கூடாது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். யாரிடம் வாங்குவது என்று கேட்டதற்கு, "வழக்கமாக விற்பவரிடம்" என்று படிவத்தில் இருந்தது. தெருமுனைக் கடைக்காரர் காலித் வாழ்நாளில் முதல் முறையாக மருத்துவச் சான்றிதழ் எழுதினார். "மேற்படியார் என்னிடம் பீடி வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பழைய வாடிக்கையாளர். வருத்தமாக இருக்கிறது." மருத்துவமனை அதை ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தியது.

இரண்டாவது தகுதி, எட்டு வாரம் மூச்சுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் வகுப்பு. அங்கேதான் அமிர்தநாதன் பழக்கமானார். ஆண்டாப் ஹில்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அதே நோய், அதே திருநெல்வேலிப் பேச்சு. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஊதக் கற்றார்கள். எட்டாவது வாரம் ஆளுக்குப் பதினைந்து பலூன் கொடுத்து, நுரையீரலுக்கு நல்லது என்று ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் ஒரு வார்டு பாய் வந்து எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மருத்துவமனைக்கு ஆண்டு விழா.

"நம்ம மூச்சுதான் பாய் வாசல்ல தொங்குது" என்றார் அமிர்தநாதன்.

அமிர்தநாதனுக்கு அந்த முறை சான்றிதழ் கிடைக்கவில்லை. ஈஸ்டர் அன்று ஒரே ஒரு பீடி குடித்ததை அவராகவே படிவத்தில் எழுதிவிட்டார். உண்மை சொன்னதைப் பாராட்டி, நான்கு மாதத்தை முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள்.

மூன்றாவது தகுதிதான் நடை. நான்காவது மாடியில் முப்பது மீட்டர் நீளத் தாழ்வாரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆறு நிமிடம் நடக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த நகுல் என்ற பையன், "ஜித்னா ஹோ சகே, சாச்சா" என்றான். முடிந்தவரை நடங்கள்.

இதைப் போய் ஜெயினுலாப்தீனிடம் சொல்லலாமா? அவர் ஊரிலிருந்து வந்த நாளில் சேட் அவருடைய தோளில் ஒரு கட்டுத் தோலை ஏற்றி, ஏணியைக் காட்டி, ஏறு என்றார். நடுவில் நின்றவனுக்கு வேலை இல்லை. அன்றிலிருந்து எத்தனையோ கார்கானா, எத்தனையோ சேட், எல்லா இடத்திலும் அதே பரீட்சை. நம்மை எடை போட ஒருவன் நிற்கிறான் என்றால் நெஞ்சை நிமிர்த்த வேண்டும், இருமலை விழுங்க வேண்டும், இன்னும் ஒரு கட்டு வை என்று கேட்க வேண்டும். தாராவியில் வேலை கேட்டுப் போன யாருக்கும் இது தெரியும். நலமாக இருக்கிறேன் என்று காட்டி இலவசமாக எதையும் வாங்க முடியாது என்பது படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜெயினுலாப்தீன் நடந்தார். கண் இருட்டியது, காதில் இரைச்சல் கேட்டது, உதடு நீலமானது. நகுல், "ஷாபாஷ் சாச்சா!" என்று கத்தக் கத்த, அவர் சிரித்தபடி நடந்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அந்தச் சிரிப்பை நகுல் கோப்புக்காகப் படம் பிடித்துக்கொண்டான்.

"பாஸ்" என்று மனைவி சைனபிடம் வந்து சொன்னார். பிறகு ஒன்பது நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வுக் குழு அவரை நிராகரித்திருந்தது. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் ராஜலக்ஷ்மி மேடம் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். நல்ல மனுஷி. விளக்கம் கேட்கப் போனவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"உக்காருங்கோ சார். நீங்க ரொம்ப நன்னா நடந்துட்டேள். அதான் ப்ராப்ளம். ஐந்நூறு மீட்டருக்கு மேல நடக்கறவாளுக்கு இந்த ட்ரீட்மென்ட் தேவையில்லைன்னு ப்ரோட்டோகால்."

"அவருக்குக் கக்கூஸ் போகவே மூச்சு வாங்குதும்மா" என்றாள் சைனப்.

"கக்கூஸுக்கு ப்ரோட்டோகால்ல இடம் இல்லையே."

"அப்பம் எம்புட்டு நடக்கணும்?" என்று கேட்டார் ஜெயினுலாப்தீன்.

"அதை நாங்க சொல்லப்படாது. சொன்னா டெஸ்ட் செல்லாது." மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நூறுக்குக் கீழயும் போயிடாதீங்கோ. அவாளுக்கும் கிடையாது. அவாளுக்கு வச்சா ரிசல்ட் கெட்டுப் போயிடும்."

இந்தத் திட்டத்தின் வெற்றி விகிதம் அகில இந்தியாவிலும் பேசப்பட்டது. பிழைக்கக்கூடியவர்களையும் பிழைக்கமாட்டாதவர்களையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களைப் பிழைக்க வைத்தால் அப்படித்தான் பேசப்படும்.

குழு மறுபடி கூட மூன்று மாதம். மூச்சுப் பள்ளிச் சான்றிதழின் ஆயுள் தொண்ணூறு நாள் என்பதால் மறுபடி எட்டு வாரம், மறுபடி பதினைந்து பலூன். இடையில் மழைக்காலம் வந்தது, சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூச்சில் பாதியைக் கொண்டுபோனது. இரண்டாவது நடைக்கு ஜெயினுலாப்தீனை ஏணியிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். டாக்ஸியில் போகும்போது, முந்நூறு நடந்தால் சரியாக இருக்கும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அன்று மருத்துவமனைக்குத் தரச் சான்று கொடுக்க வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். நோயாளிகளுக்கான வசதிகளை அவர்களுக்குக் காட்டவேண்டி லிஃப்டை நோயாளிகளுக்கு நிறுத்திவிட்டார்கள். நடைப் பரீட்சை நான்காவது மாடியில். அறுபத்தெட்டுப் படி. அதை ஏறி முடிக்க ஜெயினுலாப்தீனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு அவர் எண்பத்தாறு மீட்டர் நடந்து, சுவரைப் பிடித்து, அப்படியே உட்கார்ந்தார். நகுல் அதையும் படம் பிடித்தான். விதி அப்படி.

"பதினாலு மீட்டர்தான் சார் குறைச்சல்" என்றார் ராஜலக்ஷ்மி மேடம். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

"நாலு மாடி ஏறுனேனேம்மா. அதைச் சேத்துக்கிடுங்களேன்."

"மாடி மேல போறது சார். எங்களுக்கு நேரா போறதுதான் கணக்கு."

அதோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஜெயினுலாப்தீன் ஏணியில் இறங்குவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை பாங்கு சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆனால் மூன்றாம் மாதம் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேரவும், உடன் ஒருவர் வரலாம், வாகனம் அனுப்பப்படும், காலை உணவு வழங்கப்படும். வேறு எதுவும் அதில் இல்லை. உமைரா இரண்டு முறை வாசித்தாள்.

"ரப்பு கண்ணைத் தொறந்துட்டான்" என்றாள் சைனப். இரண்டு லுங்கி, ஒரு துண்டு, தட்டு, தம்ளர், சோப்பு எல்லாம் ஒரு பையில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்தால் விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். கார்கானாப் பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். காரில் அவர் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கார் வார்டுக்குப் போகவில்லை. விழா அரங்கத்துக்குப் போனது. வாசலெல்லாம் பலூன். மேடையில் ஒரு சோபா. பையோடு அவரை அதில் உட்கார வைத்து, ஒரு பெண் வந்து, "அங்கிள், ப்ளீஸ், காசி மத் கீஜியே" என்று காதில் சொன்னாள். இருமக் கூடாதாம்.

பின்னால் திரை விலகியது. பெரிய பதாகை ஒன்றில் இரண்டு ஜெயினுலாப்தீன். இடது பக்கம் சுவரில் சாய்ந்து கிடந்தவருக்குக் கீழே "சிகிச்சைக்கு முன் 86 மீட்டர்". வலது பக்கம் சிரித்துக்கொண்டு நடப்பவருக்குக் கீழே "சிகிச்சைக்குப் பின் 512 மீட்டர்".

இதில் யாரும் மோசடி செய்யவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். திட்டத்தில் நிஜமாகவே வால்வு வைத்துக்கொண்டவர்களில் ஒருவர் படத்துக்குச் சம்மதிக்கவில்லை. மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். விளம்பரப் பிரிவுக்காரர்கள் கோப்பைத் திறந்தார்கள். ஒரே ஆளின் இரண்டு படம், இரண்டு எண். நல்ல மருத்துவமனைக்கு வந்தால் எண் கூடத்தானே செய்யும்? தேதியைப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே, பதினைந்து வருடத்துக்கு முன் நான் ஒரு கனவு கண்டேன். அந்தக் கனவில் ஒரு கட்டடம் இருந்தது. கட்டடத்தில் ஒரு துறை இருந்தது. துறையில் கருவிகள் இருந்தன. ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. விழித்துப் பார்த்தேன். நோயாளி! இன்று அந்தக் குறையும் தீர்ந்தது. இதோ, இவர் பெயர்..." குறிப்பைப் பார்த்தார். "ஜெயினுலாப்தீன். இவரைக் குணப்படுத்தியது மருந்து அல்ல, கத்தி அல்ல. எங்கள் நிர்வாகம்! எங்களுடைய ஒவ்வொரு விதியும் இவர் உடம்பில் வேலை செய்திருக்கிறது."

கைதட்டல் ஓயவே இல்லை. இயக்குநர் அவரை மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டச் சொன்னார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடை போட ஆள் நிற்கும்போது ஜெயினுலாப்தீனால் வேறு என்ன செய்ய முடியும்? எழுந்தார், பையைச் சோபாவில் வைத்தார், நெஞ்சை நிமிர்த்தினார், நடந்தார். பதினோரு எட்டு. மேடை ஓரத் திரைக்குப் பின்னால் போனதும் விழுந்தவரைச் சைனப் மடியில் தாங்கிக்கொண்டாள். அரங்கத்தில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் சைனப் மட்டும் தனியாகப் போய் ராஜலக்ஷ்மி மேடத்தைப் பார்த்தாள்.

"தப்பு நடந்துடுத்து. நான் ஒத்துக்கறேன்" என்றார் மேடம். "ஆனா கம்ப்யூட்டர்ல அவர் ட்ரீட்மென்ட் ஆனவர்னு ஏறிடுத்து. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் இலவசம். மறுபடி நடக்க வைக்கணும்னா, முதல்ல வச்ச வால்வு ஃபெயிலாயிடுத்துன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். எழுதினா, அந்த வால்வை வெளியில எடுத்துப் பரிசோதிக்கணும்."

"வைக்காத வால்வை எங்கேருந்தும்மா எடுப்பீங்க?"

"அதைத்தான் நானும் கமிட்டில கேட்டேன். அடுத்த மீட்டிங்ல பேசலாம்னுட்டா." மேடம் மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "என்னை மன்னிச்சிடுங்கோ."

எனக்கு இந்த மேடத்தின் மேல் கோபப்பட வேண்டும் போல இருக்கிறது. முடியவில்லை. மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த வாரம் அமிர்தநாதன் வந்தார். ஏணியில் மூன்று இடத்தில் நின்று, மேலே வந்ததும் தரையில் சரிந்து, பேச்சு வரக் கால் மணி நேரம் ஆனது.

"உம்ம மூஞ்சி ஆண்டாப் ஹில் பஸ் ஸ்டாப்பு போஸ்டர்ல நிக்கி பாய். எங்க ஆளுக எல்லாம், 'ஒன் கூட்டாளி பொழைச்சிட்டான், நீயும் போலே'ங்கானுவ. நான் என்னத்தச் சொல்ல? எனக்கு நடை வார புதங்கெழம. பார்த்துக்கிடும், ஆறு நிமிசமும் நிக்காம நடந்து காட்டிருவேன்."

ஜெயினுலாப்தீன் அவர் கையைப் பிடித்தார். "அடக்கும் வேய். அதான் நான் செஞ்ச தப்பு. நம்மளுக்குச் சேட்டு முன்னால நின்னா நடிக்கத்தான் தெரியும். அங்க நோயாளியா நிக்கணும். அதும் ரொம்ப நோயாளியா நிக்கப்படாது."

"எப்படிப் பாய் கணக்கு வைக்க? நடக்கையில எனக்கு மண்டை கிர்ருனு சுத்துமே."

ஜெயினுலாப்தீன் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுவிட்டுக் கேட்டார். "உம்மகிட்ட ஜெபமாலை இருக்குல்லா?"

"இடுப்புலயே கெடக்கு."

"ஒரு கட்டத்துக்கு எத்தனை மணி?"

"பத்து. பொறவு ஒரு பெரிய மணி."

"தாழ்வாரம் முப்பது மீட்டரு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு மணி தள்ளும். பெரிய மணி கையில தட்டுனதும் செவுத்தப் பிடிச்சிட்டு நின்னுரும். அந்தப் பையன் ஷாபாஷ்னு கத்துவான். யாரு கத்துனாலும் நகராதயும். முந்நூறு மீட்டர் நோவு இருந்தாத்தான் அவனுவளுக்குப் பிடிக்கும்."

சைனப் பாத்திரங்களை ஒதுக்கி வைத்தாள். அமிர்தநாதன் அந்தப் பத்தடி அறையில் சுவருக்குச் சுவர் நடந்து, பெரிய மணி வந்ததும் நிற்கப் பழகினார். முதல் இரண்டு முறையும் நிற்காமல் ஓரெட்டு கூடப் போய்விட்டார். ஒரு ஆளுக்குப் பாதியில் நிற்கச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்காவது முறை சரியாக நின்றார். ஜெயினுலாப்தீன் தலையணையில் சாய்ந்தபடி, "பாஸ்" என்றார்.

புதன்கிழமை அமிர்தநாதன் முந்நூறு மீட்டர் நடந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு லட்சணமான நோயாளியைப் பார்த்ததே இல்லை என்று தேர்வுக் குழு எழுதியது. அந்த மாதமே வால்வு வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு இரண்டு மாதம் அவர் தாராவிப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் மட்டும், "ஏதோ இருக்கேன் பாய்" என்பார். ஜெயினுலாப்தீனும் மேலே கேட்கமாட்டார். அவர் பேச்சு இப்போது ஒரு மூச்சுக்கு இரண்டு சொல் என்று ஆகிவிட்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கீழே செருப்புச் சத்தங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம், ஏணியில் ஒரு கால் ஏறியது. படுத்தே கிடப்பவருக்கு ஏணிச் சத்தம் அத்துப்படி. உமைராவுடையது தடதடவென்று ஓடும்; சைனபுடையது ஏழாம் படியில் தடுமாறும். இது கனமான ஆண் கால். ஐந்தாம் படியில் நிற்கவில்லை. ஒன்பதாம் படியில் நிற்கவில்லை. பதின்மூன்றும் ஒரே சீராக வந்து முடிந்தது.

மேலே வந்ததும் ஒரு கணம் அமைதி. அதன் பிறகுதான் இரைப்பு ஆரம்பித்தது. அமிர்தநாதன் நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, "அப்பாடி... ஏலல பாய்... ஏலல" என்றபடி உள்ளே வந்தார்.

ஜெயினுலாப்தீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேய்... எங்களுக்கு மூச்சு... அப்படி வாங்காது" என்றார். "தோளு... மேல ஏறும். உதடு... குவியும். நீரு வாயத் தொறந்து... ஓடுனவன் மாதிரி... இரைக்கீரு."

அமிர்தநாதனின் இரைப்பு சட்டென்று நின்றது. நின்றே விட்டது. அவர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையிலும் அவருக்கு மூச்சு முட்டவில்லை. டீத் தம்ளரோடு வந்த சைனப் அங்கேயே நின்றுவிட்டாள்.

"உமக்கு வைக்க வேண்டியதுல்லா பாய் அது. உம்ம முன்னால நான் எப்படி..."

"அழாதயும்." ஜெயினுலாப்தீன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அதற்குக் கையைத் தூக்க வேண்டும். "ஒண்ணு செய்யும். எறங்கிப் போயி... இன்னொரு தடவ... ஏறி வாரும். நடிக்காதயும். நான்... கேக்கணும்."

அமிர்தநாதன் எழுந்து இறங்கிப் போனார். ஜெயினுலாப்தீன் கண்ணை மூடிக்கொண்டார். ஏணியில் கால் வைக்கும் சத்தம் கேட்டதும், போர்வைக்கு மேல் அவருடைய விரல் ஒன்று, இரண்டு என்று அசையத் தொடங்கியது. பதின்மூன்று வரை அது நிற்கவே இல்லை.